மூன்று மடங்குக் குருவி

பிப்ரவரி 2, திங்கள்

காலையில் பனி. மல்லசமுத்திரத்தில் இந்த வருடம் மாசி வந்தாலும் குளிர் விடாது போல. வேலைகள்: எட்டாம் வகுப்பு விடைத்தாள் 41. தலைவலி மாத்திரை. துணி இஸ்திரி. கோலப் போட்டிக்கு யார் நடுவர் என்று எச்.எம்.மிடம் கேட்க.

பெரிய குருவி இன்று ஒர்க்‌ஷாப்பிலிருந்து வீட்டுக்கு வந்தது. டெம்போவில் படுக்கவைத்து, மேலே என் பழைய போர்வையைப் போர்த்தி. தெருவே எட்டிப் பார்த்தது. "யாருக்கு என்னாச்சுங்க?" என்று எதிர்வீட்டம்மா பதறி வந்தார். வீட்டுக்காரர் மூர்த்திக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

இது எப்படி ஆரம்பித்தது என்று எழுதி வைக்கிறேன். பின்னால் யார் சொன்னது என்று வீட்டில் சண்டை வரும்போது உதவும்.

சின்னக் குருவி என்னுடைய தண்ணீர் ராக்கெட். சோடா பாட்டில், அட்டையில் மூன்று இறக்கை, மூக்கில் பாதிப் பந்து. மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, சைக்கிள் பம்பால் காற்றடித்து, கயிறை இழுத்தால் வேப்ப மரத்துக்கு மேலே போகும். பதினோரு வருடமாக ஒவ்வொரு எட்டாம் வகுப்புக்கும் விட்டுக் காட்டுகிறேன். பாட்டில் பல முறை மாறியிருக்கிறது, பெயர் மாறவில்லை.

டிசம்பரில் எச்.எம்.: "ஆண்டு விழாவுக்கு இதையே பெருசா பண்ணுங்களேன் சுமதி. சீஃப் கெஸ்ட் கயிறு இழுக்கட்டும்." நான் வீட்டில் சும்மாச் சொன்னேன். மூர்த்தி பிடித்துக்கொண்டார். மனிதர் போர்வெல் போடும் ரிக் வண்டிகளின் கம்ப்ரஸர் மெக்கானிக். பெரிதாக என்று யாராவது சொல்லிவிட்டால் போதும்.

உடல்: எட்டு இன்ச் கேசிங் பைப். போர்க்குழியில் மண் சரியாமல் இறக்குவார்களே, அந்த நீல பிளாஸ்டிக் பைப். பாட்டிலைவிட மூன்று மடங்கு அகலம், மூன்று மடங்கு உயரம். கனம் அதிகம், அப்படியே விட்டால் எழும்பாது. "எத்தனை மில்லி மிச்சம் வெச்சுச் சீவலாம், கணக்குப் போட்டுக் குடு" என்றார். பழைய வினாத்தாளின் பின்பக்கம் போட்டேன். பாட்டில் சுவர் ஒரு மி.மீ. கூட இல்லை. அதனால் இரண்டு மி.மீ. தாராளம். விளையாட்டுக்குக் கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

லேத்தில் கொடுத்துச் சீவியாகிவிட்டது. ஹாலில் டி.வி.க்குப் பக்கத்தில் நிற்கிறது, என் தோள் உயரம். பள்ளிச் சீருடைக் கலரில் பட்டை அடித்திருக்கிறார். அழகாகத்தான் இருக்கிறது.

விழா 13, வெள்ளி.


பிப். 4, புதன்

வெயில். உளுந்து ஊறப்போட மறந்தேன்.

விடைத்தாள் திருத்தும்போது நடந்தது. நான்காம் பீரியட், ஸ்டாஃப் ரூம். கேள்வி: சைக்கிள் டயரைவிட லாரி டயர் ஏன் தடிமனாக இருக்கிறது? எடை, வேகம், உராய்வு, ஆளுக்கொன்று. ஒரு பெண் மட்டும், "அது பெருசா இருக்கறதால உள்ள இருக்கற காத்து அதிகமா இழுக்கும்" என்று ஒரே வரி. அரை மார்க் போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போனேன்.

பேனா நின்றுவிட்டது.

அகலம் மூன்று மடங்கானால், அதே காற்றுக்குச் சுவரில் விழும் இழுப்பும் மூன்று மடங்கு. நான் கனத்தை மட்டும் பார்த்தேன். அகலத்தைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. சேர்க்கவே இல்லை. பாட்டில் பிளாஸ்டிக் வேறு, கேசிங் பிளாஸ்டிக் வேறு. அதையும் பார்க்கவில்லை. பத்தாம் வகுப்புப் பையன்கூடச் செய்யாத தப்பு. கையெழுத்து வேறு.

பக்கத்தில் தமிழ் டீச்சர் ரேவதி: "ஏன் சுமதி, மூஞ்சி வெளுத்துப் போச்சு? சாப்பிடலியா?"

அந்தப் பெண்ணுக்கு முழு மார்க் போட்டேன்.


பிப். 5, வியாழன்

தூக்கம் சரியில்லை. காபியில் உப்பு.

மறுபடி கணக்கு. மூன்று முறை. மூன்று முறையும் பயமுறுத்துகிறது. தாங்கலாம், தாங்காமலும் போகலாம். லேத்தில் சீவிய கோடுகள் இருக்கின்றன. பைப்பும் புதிது இல்லை, ஏதோ போர் போட்ட இடத்தில் மிஞ்சி இரண்டு கோடை வெயிலில் கிடந்தது. அந்தப் பிளாஸ்டிக் கிழியாது. உடைந்து சில்லாகப் பறக்கும்.

நான் குக்கர் விசிலுக்கே ஹாலுக்கு ஓடுகிறவள்.

ஏன் இன்னும் சொல்லவில்லை:
1. தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார், "என்ற ஊட்டுக்காரி கணக்கு" என்று.
2. எச்.எம். அழைப்பிதழ் அச்சுக்குக் கொடுத்தாயிற்று.
3. வெட்கம். இதுதான் முதலில் வரவேண்டியது.

சாயந்திரம் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன்.

"ஏனுங்க, சீவினது ரொம்ப மெலிசாத் தெரியுதே. தாங்குமுங்களா?"

"முந்நூறு அடி மண்ணைப் புடிச்சு நிக்கற பைப்பு புள்ள அது. இந்தக் காத்தைத் தாங்காதா?"

"மண்ணு வெளியிருந்து அமுக்குது. காத்து உள்ளிருந்து தள்ளுமல்லோ."

"அறுபது பவுண்டு ஒரு காத்தா? எங்க வண்டியில அதுக்குப் பேரு கொட்டாவி."

சிரித்துக்கொண்டே பைப்பைத் தட்டினார். ரிக் தொழிலில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். பூமியையே தாங்குவதை நேரில் பார்த்தவர்கள், அந்தப் பைப்பை எதற்கும் நம்புவார்கள். அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். நான் ரசத்துக்குப் பெருங்காயம் தேடப் போய்விட்டேன்.


பிப். 6, வெள்ளி

விழாவுக்கு ஒரு வாரம். மைதானத்தில் பி.டி. சார் சுண்ணாம்புக் கோடு போட்டு ஒத்திகை பார்க்கிறார். ராக்கெட் நிற்கும் இடத்திலிருந்து இருபது அடி. அதற்குப் பின்னால் எல்.கே.ஜி. உட்காரும். சின்னப் பிள்ளைகளுக்கு மறைக்கக் கூடாதாம்.

"இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடலாமே சார்."

"தள்ளுனா பேரன்ட்ஸ் சேர் செவுத்துல முட்டுதுங்க டீச்சர்."

எல்.கே.ஜி. மொத்தம் முப்பத்தாறு. வராந்தாவில் நின்று எண்ணினேன். எதற்கு எண்ணினேன் என்று தெரியவில்லை. பாத்ரூமில் போய் உட்கார்ந்திருந்தேன்.

பள்ளிக்குப் பின்னால் கோழிப்பண்ணை வைத்திருப்பவர் வந்து எச்.எம்.மைப் பார்த்தார். "எத்தன மணிக்கு விடறீங்கன்னு சொல்லீட்டா நல்லதுங்க. டப்புனு சத்தம் கேட்டா கோழியெல்லாம் ஒரே மூலையில போயி ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கும். மூச்சு முட்டிச் செத்துப் போகுமுங்க." எச்.எம். என்னைப் பார்த்தார். "சத்தமே வராதுங்க, புஸ்ஸுனு தண்ணிதான்" என்றேன். என் வாயா அது என்று எனக்கே ஆச்சரியம்.

சிலிண்டர் புக் பண்ண.


பிப். 7, சனி

அரை நாள் பள்ளி. எச்.எம். அறை வாசல்வரை போனேன். உள்ளே ஆட்கள் இருந்தார்கள். காத்திருந்தேன். அவர்கள் போனார்கள். கோலப் போட்டி நடுவரைப் பற்றிக் கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

கோழை. வேறு வார்த்தை இல்லை.

மதியம் மூர்த்தி இல்லாதபோது பெரிய குருவியைத் தொட்டுப் பார்த்தேன். சின்னது என் கைப்பிடிக்குள் அடங்கும். இதை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தால்தான் விரல்கள் சந்திக்கின்றன. இதைவிட எளிதாக ஒரு பிள்ளைக்கு எப்படி விளக்குவது? உள்பக்கம் டார்ச் அடித்தால் வெளியே வெளிச்சம் தெரிகிறது, லேத்துக் கோடு கோடாக.

அவர் திரும்பி வந்ததும் டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனார். "வால்வு மாட்டோணும்." எனக்கு வீட்டை விட்டு அது போனதே நிம்மதியாக இருந்தது. அவரோடுதான் போகிறது என்று அரை மணி கழித்துத்தான் உறைத்தது.


பிப். 8, ஞாயிறு

நாட்டுக்கோழி எடுத்துச் சமைத்தேன். அவர் சாப்பிட வரவில்லை. போன் எடுக்கவில்லை. டிபன் கேரியரில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். ஞாயிறு என்பதால் ஆள் யாரும் இல்லை. ரிப்பேருக்கு வந்த ரிக் வண்டி ஒன்று மட்டும்.

கம்ப்ரஸர் ஓடுகிறது. பெரிய குருவி இரும்பு ஸ்டாண்டில் நிற்கிறது, ஹோஸ் மாட்டியிருக்கிறது. அவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பைப்பில் கன்னத்தை வைத்திருக்கிறார்.

அது அவர் வழக்கம். பன்னிரண்டு வருடம் ரிக்கில் நின்றதில் இடது காது போய்விட்டது, வலதும் பாதிதான். காற்றுக் கசிவு காதில் விழாது. அதனால் கன்னத்தால் பார்ப்பார். கசிகிற இடத்தில் தோலுக்குக் குளிர்ச்சி தெரியும் என்பார். கம்ப்ரஸரில் அவர் அப்படிப் பார்ப்பதை நூறு முறை பார்த்திருக்கிறேன்.

கேஜ் முள் நாற்பதைத் தாண்டியிருந்தது.

கத்தினேன். கேட்கவில்லை. நான் நின்றது அவருக்கு இடது பக்கம். இன்னும் கத்தினேன். அப்போது கம்ப்ரஸர் தானாக நின்றது, பைப்பிலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம். நகத்தை மேசையில் சுண்டினது போல, அவ்வளவுதான். எனக்குக் கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை. கன்னத்தைக் கொஞ்சம் மேலே நகர்த்தி வைத்தார்.

ஓடிப்போய் இழுத்திருக்க வேண்டும். பத்தடிதான். போகவில்லை. எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன்: நான் ரிக் வண்டியின் டயருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். டிபன் கேரியரை மார்போடு பிடித்துக்கொண்டு. என் புருஷன் அங்கே, நான் டயருக்குப் பின்னால்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. புஸ்ஸென்று காற்றைத் திறந்துவிட்ட சத்தம். எட்டிப் பார்த்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வருகிறார்.

"எப்ப வந்தே? பாத்தியா, அம்பது வெச்சேன். கல்லு மாரி நிக்குது. இதோட மூணாவது தடவ."

மூன்று.

"ஏன் அங்க உக்காந்திருக்கே? பாம்பு கீது பாத்தியா?"

"வெயிலுங்க" என்றேன். சாப்பிட்டார். குழம்பு காரம் என்றார். அப்போதும் சொல்லவில்லை. இனி ஏத்தாதீங்க, விழாவன்னிக்குப் பாத்துக்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.


பிப். 9, திங்கள்

காலையில் டம்ளர் கை தவறியது. பிரேயரில் ரேவதி தோளைத் தொட்டதற்கு அலறிவிட்டேன், பிள்ளைகள் சிரித்தார்கள்.

எங்கே பார்த்தாலும் அந்தக் கன்னம். மூன்று தடவை. முதல் இரண்டு தடவையும் நான் எங்கே இருந்தேன்? முதல் தடவை துணி மடித்துக்கொண்டிருந்திருப்பேன். அது வெடித்திருந்தால் யாராவது போன் பண்ணியிருப்பார்கள். என்ன சொல்லியிருப்பார்கள்?

ஐந்தாம் பீரியடில் முடிவு செய்தேன். வீட்டுக்கு வந்ததும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால். உட்கார்ந்தால் மாறிவிடுவேன். அவர் வாசலில் பைக் துடைத்துக்கொண்டிருந்தார். வலது பக்கமாகப் போய் நின்றேன்.

"என்ற கணக்குத் தப்புங்க."

"என்னது?"

"ரெண்டு மில்லி போதாது. அகலத்தைச் சேக்க மறந்துட்டேன். புதங்கிழமையே தெரியும். சொல்லலை. நேத்து அது டிக்குனு சத்தம் போட்டுது, உங்களுக்குக் கேக்கல. நான் வண்டிக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன்."

ஒரே மூச்சில். பிறகு அழுகை வந்தது, தெருவென்றும் பார்க்கவில்லை.

அவர் துணியைப் பிழிந்து காயப்போட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "புதங்கிழமையேவா?" என்று மட்டும் கேட்டார். அப்புறம், "தண்ணி வெச்சு டெஸ்ட் போட்டுப் பாத்தர்லாம்" என்றார். இரவு ஒரு தோசையோடு எழுந்துவிட்டார்.


பிப். 10, செவ்வாய்

மேகமூட்டம். ஒரு பீரியட் பர்மிஷன் போட்டு நான்கு மணிக்கு ஒர்க்‌ஷாப்.

தண்ணீர் டெஸ்ட் என்றால், பைப் நிறையத் தண்ணீர், காற்றே இல்லாமல். பிறகு கைப்பம்பால் இன்னும் கொஞ்சம் தண்ணீரை உள்ளே அமுக்குவது. தண்ணீர் அமுங்காது, அதனால் பைப் உடைந்தாலும் ஒழுகி நின்றுவிடும். காற்று அப்படி இல்லை. அமுங்கி உட்கார்ந்திருக்கும், வழி கிடைத்ததும் உடைந்ததையெல்லாம் எறியும். இதை வகுப்பில் வருடா வருடம் சொல்கிறேன்.

குழாய் லைன் போடுகிறவர்களிடம் கைப்பம்பு வாங்கி வந்திருந்தார். இருந்தாலும் நான் விடவில்லை. நீள ஹோஸ், ரிக் வண்டிக்குப் பின்னால் பம்பு, பைப்பைச் சுற்றிச் சாக்கு. இன்று இருவருமே டயருக்குப் பின்னால். அவர் அமுக்கினார், நான் கேஜைப் படித்தேன்.

பத்து. பதினைந்து. இருபது. இருபத்தைந்து.

"நிக்குதல்லோ" என்றார். குரலில் கொஞ்சம் ஆசை இருந்தது.

முப்பது. முப்பத்தைந்து.

முப்பத்தெட்டில் 'பட்'. முள் பூஜ்யத்துக்கு விழுந்தது. சாக்கு வழியாகத் தண்ணீர் ஓடி எங்கள் கால்வரை வந்தது. போய்ப் பார்த்தோம். ஒரு முழ நீளத்துக்கு நேராக ஒரே வெடிப்பு, ஒரு விரல் உள்ளே போகும். லேத்துக் கோடுகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, நடுவில். இறக்கைக்கு ஒரு சாண் மேலே தொடங்குகிறது.

முப்பத்தெட்டு. ஞாயிறன்று காற்று ஐம்பது.

அந்த 'டிக்' தான் ஆரம்பம். அங்கிருந்தே விரிசல் விட்டிருக்கிறது. இன்னொரு தடவை ஏற்றியிருந்தால், இல்லை, இன்னும் ஒரு நிமிடம் விட்டிருந்தால்.

அவர் வெடிப்பைப் பார்த்தார். அப்புறம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார், ஞாயிறன்று உட்கார்ந்த அதே இடத்தில். கன்னம் வைத்த உயரத்தைக் கையால் அளந்து பார்த்தார். வெடிப்பு அங்கேதான். எனக்கு வாந்தி வந்தது, சுவரோரம் போனேன். அவர் தண்ணீர் மொண்டு கொடுத்தார்.

வரும் வழியில் தக்காளி வாங்கினோம். எப்படித்தான் வாங்கினோமோ.


பிப். 11, புதன்

வெயில். தக்காளி பாதி அழுகல்.

காலையில் எச்.எம்.மிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கையெழுத்து உட்பட. ஒரு வாரம் இதற்காகத்தான் செத்துப் பிழைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "கொழந்தைங்க முன்னாடி ஆகாமப் போச்சே, அது போதும். சின்னதையே விட்டுருங்க. சீஃப் கெஸ்ட்டுக்கு என்ன தெரியும்." இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பி.டி. சாரைக் கூப்பிட்டு எல்.கே.ஜி.யைப் பந்தலுக்குள் மாற்றச் சொன்னார். கோழிப்பண்ணைக்காரருக்கும் போன்.

நிம்மதி வரவேண்டும். மதியம்வரை வந்துகொண்டுதான் இருந்தது.

சாயந்திரம் வீட்டுக்கு வந்தால் வாசலில் புது பைப். தடிமன், கம்பெனி ஸ்டிக்கர்கூடப் பிரிக்கவில்லை. சங்ககிரிக்குப் போன லாரிக்காரர் ஒருவரிடம் சொல்லி எடுத்து வந்திருக்கிறார்.

"எதுக்குங்க இது?"

"விழாவுக்கில்ல. அவசரமில்ல. மெதுவாப் பண்ணிக்கலாம். தண்ணி டெஸ்ட் போட்டுத்தான்." வாயெல்லாம் சிரிப்பு. ஒரு நாளில் பழைய ஆளாகிவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. கோபமா பயமா என்று தெரியவில்லை. வலது பக்கம் போய், காதுக்குப் பக்கத்திலேயே கத்தினேன்.

"காத்து ஏத்தின பைப்புல யாராச்சும் கன்னத்தை வெப்பாங்களா? ரிக்கு ஹோஸுல வெப்பீங்களா நீங்க? சொல்லுங்க!"

"ஹோஸுல எதுக்கு வெக்கறேன்? ஓடற கம்ப்ரஸரு டேங்குலயும் வெக்க மாட்டேன். நிறுத்தி, காத்தை அஞ்சு பவுண்டுக்கு எறக்கீட்டுத்தான் பாப்பேன்." யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். "அதெல்லாம் எவனோ செஞ்சது. இது நீ கணக்குப் போட்டதல்லோ, அதான் வெச்சேன்."

சாதாரணமாகச் சொன்னார். பைப்பிலிருந்து ஸ்டிக்கரைப் பிரித்துக்கொண்டே. என்மேல் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. கல்யாணமான பதினாறு வருடத்தில் இந்த மனிதர் என்னை எவ்வளவு நம்புகிறார் என்று எனக்குத் தெரிந்ததில்லை. தெரிந்திருந்தால் கணக்கை இரண்டாம் தடவை பார்த்திருப்பேன்.

"அது தப்புன்னு தெரிஞ்சும் மறுபடி என்னையே கேக்கறீங்களா?"

"நீதான வந்து தப்புன்னு சொன்னே. வேற எவன் சொல்லுவான்?"

வெள்ளைத் தாள் ஒன்றை மேசையில் வைத்து, மேலே என் பேனாவையும் வைத்துவிட்டுப் போனார். லேத்துக்காரர் ஆறு மணிவரை இருப்பாராம். எத்தனை மில்லி என்று எழுதிக் கொடுத்தால் இன்றே கொடுத்துவிடலாமாம்.

நான்கு முறை போட்டுவிட்டேன். அகலம் சேர்த்து, பிளாஸ்டிக் பார்த்து, வெயில் பார்த்து, இரண்டு பங்கு கூட வைத்து. நான்கு முறையும் ஒரே விடை. தாளில் எழுதத்தான் கை வரவில்லை. நான் எழுதினால் அவர் அதில் கன்னத்தை வைப்பார்.

மணி ஐந்தே முக்கால். வாசலில் பைக்கை உதைத்துக் கிளப்பிவிட்டார். ஹார்ன் அடிக்கிறார்.